அன்டனுக்கு ஏற்றிய மெழுகுதிரி

பாட்டுக் கேட்டது, படம் வரவில்லை.

மண்டபத்தின் முன்பக்கத்தில் தொங்கிய பெரிய திரை, புல்லாங்குழலும் வயலினும் இழைந்து வந்த அந்த இசைக்கு நடுவே கரும்பலகை மாதிரிக் கறுத்துக் கிடந்தது. யோகேந்திரன் தன் மடிக்கணினிக்கு முன் குனிந்து, நிறுத்தி, திரும்பவும் ஓடவிட்டார். திரும்பவும் புல்லாங்குழல் வந்தது. திரும்பவும் கறுப்பு.

“என்ன ஜெயனி, வீடியோ கேட்டா ரேடியோ நாடகம் செய்து தந்திருக்கிறாய்?”

“என்ரை கொம்பியூட்டரிலை நல்லா ஓடினது, அண்ணை.”

“ஓடியிருக்கும். ஆனா உன்ரை கொம்பியூட்டர் நோத்ர-டாம்-த-கிரேஸிலை உன்ரை அறைக்குள்ளை இருக்கு. கலியாணம் ரொக்ஸ்பரோவிலை நடக்குது. சனத்தை பஸ்ஸிலை ஏத்தி உன்ரை வீட்டுக்குக் கொண்டு போவமோ?”

ஜெயனிக்குச் சிரிப்பு வரவில்லை. வார நாட்களில் அவள் ஒரு கர்தெரியில், குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்பவள். வார இறுதிகளில் தன் வெள்ளை மாக் கணினியில் கலியாண வீடியோக்களுக்கு முகப்புப் படம் செய்வாள். வீடியோ எடுப்பதும் வெட்டி ஒட்டுவதும் யோகேந்திரன். அவரிடம் இருப்பது விண்டோஸ். அந்த இரண்டு கணினிகளும், சம்பந்தம் பேச விரும்பாத இரண்டு குடும்பங்களைப் போல, ஒன்று கொடுத்ததை மற்றது இலகுவில் வாங்காது. அதனால் ஒவ்வொரு முறையும் ஜெயனி படத்தை அவருடைய கணினிக்கு ஏற்றபடி மாற்றி, முதல் நாளே கொடுத்துவிடுவாள். இந்தக் கிழமை கர்தெரியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்து, அவர்களுடைய வேலையும் அவள் தலையில் விழுந்தது. மாற்ற நேரமில்லாமல், மாக்கில் இருந்து வந்தபடியே யூஎஸ்பி குச்சியில் ஏற்றி, இன்று மத்தியானம் மாதா கோவில் வாசலில்தான் அவர் கையில் கொடுத்தாள்.

எங்கள் சனத்தின் கலியாண முகப்புப் படத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கடவுள். அடுத்தது, குடும்பத்தில் காலமாகிப் போனவர்கள்; அவர்களுடைய படத்துக்கு ஒரு மெழுகுதிரி எரியும், ஒரு புறா பறக்கும். பிறகு தாய் தகப்பன், பிறகு மாப்பிள்ளை பொம்பிளையின் சின்ன வயதுப் படங்கள். கடைசியில் இரண்டு பேரின் பெயர்களும் தங்க எழுத்தில் பறந்து வந்து ஒட்டிக்கொள்ளும்போது மண்டபக் கதவு திறந்து அவர்கள் உள்ளே வருவார்கள். அதற்கும் பிறகு ஒரு உலக உருண்டை நெருப்புப் பொறி சிந்தச் சுழன்று வந்து ‘யோகா வீடியோ’ என்று நிற்கும். மொன்றியலில் அந்த உருண்டையைத் தெரியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. அது சுழலத் தொடங்கியதும் பின்வரிசைப் பொடியள் எல்லாம் சேர்ந்து, “யோகா அண்ணை வாறார்!” என்று கத்துவார்கள். யோகேந்திரன் கோபப்படுவதுபோல் காட்டிக்கொள்வார். ஆனால் உருண்டையை ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லுவார்.

இன்றைக்கு அந்தப் படம் ஓடாவிட்டால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் உள்ளே வரவே வழியில்லை.

“எக்ஸ்கியூஸ் மீ சார், அந்தக் குச்சியை இங்க குடுங்க. என் மெஷின்ல பாக்கலாம்.”

பேசியது ஹர்ஷ். மாப்பிள்ளை அனுஜனோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் சென்னைக்காரர். சாப்பாட்டு நேரத்துப் பாட்டுக்களைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டு, தன் பழைய மடிக்கணினியோடு பக்கத்து மேசையில் இருந்தார்.

“உம்முடையதும் விண்டோஸ்தானே?”

“இல்ல சார், லினக்ஸ். இது எதைக் குடுத்தாலும் சாப்பிடும்.”

‘சார்’ என்ற சொல் யோகேந்திரனைக் கொஞ்சம் குளிரப்பண்ணியது. குச்சியைக் கொடுத்தார். ஹர்ஷ் கறுப்புச் சாளரம் ஒன்றைத் திறந்து எதையோ தட்ட, அந்தச் சின்னத் திரையில் மன்னார் மடு மாதாவின் படம் மெல்ல ஒளியோடு எழுந்தது.

மூன்று பேரும் தலையை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். யோகேந்திரன் இந்தப் படத்தை இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறார். பொம்பிளையின் காலஞ்சென்ற தகப்பன் அருமைநாதனின் படம் வந்தது. மூலையில் திரி எரிந்தது. எரிய எரியப் படத்தின் நிறம் வடிந்து சாம்பல் நிறமானது. அதற்குப் பிறகு ஒரு இளம் பொடியன். பச்சைச் சேர்ட், கொஞ்சம் கோணலான சிரிப்பு. அவனுக்கும் திரி எரிந்தது. அவனுடைய சேர்ட்டின் பச்சையும் வடிந்தது. புறா ஒன்று தோளடியில் இருந்து மேலே பறந்தது.

“நல்லா வந்திருக்குப் பிள்ளை,” என்றார் யோகேந்திரன் தணிந்த குரலில். “இந்த இடத்திலை எல்லாற்றை கண்ணும் கலங்கும்.”

அது ஜெயனிக்கும் தெரியும். வீட்டில் செய்துவிட்டு அந்தத் துண்டைத்தான் அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பார்த்து அழுததும் உண்டு.

அப்போதுதான் மேசைக்கு மறுபக்கத்தில் பொம்பிளையின் தாய் அக்னெஸ் வந்து நின்றார். ஊதா நிறக் காஞ்சிபுரம் சேலை. ஒரு கையில் கைப்பை, மறு கையில் செபமாலை. கணினித் திரை அவருக்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்ததால் அதில் ஓடியது அவர் கண்ணில் படவில்லை.

“ஏதும் குடிச்சியளே பிள்ளையள்? உங்களுக்கு ஒருத்தரும் ரீ கூடத் தரேல்லைப் போல.”

“குடிச்சிட்டம் அக்கா, நீங்கள் போய் இருங்கோ,” என்றார் யோகேந்திரன்.

அக்னெஸ் போகவில்லை. ஜெயனியின் பக்கம் குனிந்தார். “அன்டனை எந்த இடத்திலை போட்டிருக்கிறாய் பிள்ளை? தங்கச்சி மெலனிக்குப் பக்கத்திலைதானே? சின்னனிலை அவளை விட்டு அசையமாட்டான். அவன் வந்த உடனை முதல் இந்தப் படத்தைத்தான் போட்டுக் காட்டுவன். ‘பார், நீ இல்லையெண்டு உன்னை நாங்கள் விட்டிட்டுச் செய்யேல்லை’ எண்டு.”

ஜெயனியின் கண் கணினித் திரைக்கு ஓடி மீண்டது. “ஓம் அன்ரி,” என்றாள். வேறு என்ன சொல்வது?

அக்னெஸ் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். அந்தக் கை போன பிறகும் கன்னத்தில் சூடு இருந்தது.

“அண்ணை,” என்றாள் ஜெயனி. “அன்டன் செத்துப்போனானெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

யோகேந்திரனின் முகம் மெல்ல மாறிக்கொண்டு வந்தது.

அக்னெஸின் குடும்பத்துக்குக் கனடா விசா வந்தபோது அன்டனுக்கு வயது கூடிவிட்டதென்று அவனை மட்டும் சேர்க்கவில்லை. மன்னாரில் நின்று வேலை செய்துகொண்டு காத்திருந்தான். போன வருடம் ஒரு நாள் வேலைக்குப் போனவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. கண்டவர்கள் இல்லை. சேதி சொன்னவர்களும் இல்லை. இதெல்லாம் யோகேந்திரனுக்கும் அரைகுறையாகத் தெரியும். ஆனால் படங்கள் வாங்க அக்னெஸின் வீட்டுக்குப் போன அன்று அவர் கண்டது வேறு. சாமி அறையில் மாதாவின் சுரூபம். அதன் காலடியில் இரண்டு படங்கள், ஒன்று தகப்பன், ஒன்று மகன். முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தால் அது காலமானவரின் படமா என்று நம்மவர் யாரும் கேட்பதில்லை. “அக்கா, இது ரெண்டையும் எடுக்கிறன்,” என்றார். “எடு தம்பி,” என்றார் அக்னெஸ். அவ்வளவுதான். இரண்டையும் ஒரே உறையில் போட்டு ஜெயனியிடம் கொண்டுவந்து, “இது போன ஆக்கள்,” என்று கொடுத்தார். அவளும் கேட்கவில்லை. ஒரு கேள்வி, ஒரேயொரு கேள்வி, இரண்டு பேரும் கேட்காமல் விட்டது.

“விளக்குக் கொளுத்தியிருந்துது பிள்ளை,” என்றார் யோகேந்திரன். “நான் நினைச்சன், மனிசி மனசைத் தேத்திக்கொண்டிட்டுது எண்டு.”

“அவ அவனை மாதாவிட்டைக் காவல் குடுத்து வைச்சிருக்கிறா.”

யோகேந்திரன் சுற்றும் முற்றும் பார்த்தார். மண்டபம் நிறையத் தொடங்கியிருந்தது. “விடு. ரெண்டு செக்கன்தானே வருது. சனம் பலகாரம் சாப்பிடுற அமளியிலை ஆர் கவனிக்கப் போகினம்? உண்மையைச் சொல்லு, அவன் இருக்கிறானெண்டு ஆர் நம்பினது?”

“அவ நம்புறா.”

அவர் அக்னெஸ் போன பக்கம் பார்த்தார்.

“அந்தத் துண்டை மட்டும் வெட்டிடலாமே?” என்று ஹர்ஷ் மெதுவாகக் கேட்டார்.

“வெட்டினா அவன் படத்திலேயே இருக்கமாட்டான். ‘உன்னை விட்டிட்டுச் செய்யேல்லை’ எண்டு காட்டப் போறன் எண்டு இப்பத்தான் சொல்லிப்போட்டுப் போறா.” என்றாள் ஜெயனி. “அவனை எடுத்து மெலனியின்ரை சின்ன வயசுப் படங்களுக்குப் பக்கத்திலை வைக்க வேணும். திரி இல்லாமல்.”

மாற்ற வேண்டிய எல்லாம் நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்த கணினிக்குள். போய் வர நேரமில்லை. மூலப்படமும் திரும்பவும் அக்னெஸ் வீட்டு மாதாவின் காலடியில். கையில் இருந்தது முடிந்து இறுகிப்போன ஒரேயொரு கோப்பு. வெந்த சோற்றில் இருந்து அரிசியை எப்படித் திரும்ப எடுப்பது?

ஜெயனி கண்ணை மூடிக்கொண்டு தான் செய்ததை முதலில் இருந்து நினைத்துப் பார்த்தாள். மாதாவே, ஒரு வழியைக் காட்டு. படம் வருகிறது. திரி எரியத் தொடங்குகிறது. நிறம் வடிகிறது. அதற்கு முன்?

“முதல் அவன் கலரிலைதான் வாறான்,” என்று கண்ணைத் திறந்தாள். “திரி வரமுதல் ஒரு கண்வெட்டு நேரம் முழுக் கலரிலை நிக்கிறான். அந்த ஒண்டை மட்டும் பிடிக்கலாமே?”

ஹர்ஷின் விரல்கள் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தன. படத்தை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினார். சாம்பல் அன்டன், பாதிச் சாம்பல் அன்டன், திரியின் நுனி மட்டும் எட்டிப்பார்க்கும் அன்டன். இன்னும் ஒன்று பின்னால். பச்சைச் சேர்ட்டோடு, கோணல் சிரிப்போடு, திரி இல்லாத அன்டன்.

“கெடச்சுட்டாருக்கா.”

‘கிடைத்துவிட்டார்’ என்ற அந்தச் சொல் ஜெயனியின் நெஞ்சில் போய்த் தைத்தது. அந்த மனிசன் அதை யோசித்துச் சொல்லவில்லை.

“சவுண்டைத் தொட வேணாம். படத்தை மட்டும் துண்டு துண்டா வெட்டி வேற ஆர்டர்ல ஒட்டி, மறுபடி என்கோட் பண்ணிடலாம். ஆனா என் மெஷின் கிழவன். நேரம் எடுக்கும்.”

“எவ்வளவு?”

ஹர்ஷ் மண்டபத்தின் கதவைப் பார்த்தார். “அவங்களைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா?”

ஜெயனி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். நடைகூடத்தில் மெலனியும் அனுஜனும் தோழிப்பெண்களோடு வரிசையாக நின்றார்கள். பக்கத்தில் மண்டப முகாமையாளர் தன் மணிக்கூட்டைப் பார்த்தபடி, சாப்பாடு ஆறுகிறது, சமையலறை காத்திருக்கிறது என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தார். அனுஜனின் தகப்பன் பேரின்பநாதன் அவரை விட அவசரத்தில் நின்றார்.

“என்ன பிள்ளை, படம் காட்டப் போறியளோ, இல்லை நாங்கள் நடந்தே உள்ளுக்கு வரட்டோ? எங்கடை காலத்திலை ஒரு மேளத்தோடை வந்தம், கலியாணம் செல்லாமலே போச்சு?”

“இந்தா முடியுது அங்கிள்.” ஜெயனி மெலனியைக் கையைப் பிடித்துச் சுவரோரம் கூட்டிப்போனாள். பொய் சொல்லலாம் என்று வரும்போதே யோசித்திருந்தாள். வயர் பிழை என்று சொல்லலாம். அந்தக் கண்களைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

“அன்டனின்ரை படத்திலை நாங்கள் ஒரு பெரிய பிழை விட்டிட்டம். திரி வைச்சிட்டம். இப்ப மாத்துறம். கொஞ்ச நேரம் தா.”

மெலனியின் முகத்தில் பூசியிருந்த எல்லாவற்றுக்கும் கீழே இரத்தம் வற்றியது தெரிந்தது. பூச்செண்டை இறுக்கிப் பிடித்தாள்.

“அம்மா கண்டவவே?”

“இல்லை.”

மெலனி மூடியிருந்த மண்டபக் கதவைப் பார்த்தாள். பிறகு திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, “அய்யோ, இந்தச் செருப்புக் கடிச்சு உயிர் போகுது!” என்று கத்தினாள். “காருக்குள்ளை மற்றச் சோடி இருக்கு. அதை மாத்தாமல் நான் ஒரு அடி வையன்.” முகாமையாளரிடம் பிரெஞ்சில் கெஞ்சி, கடைசியில் ‘மெர்சி’ சொல்லி ஒரு சிரிப்பும் சிரித்தாள். பேரின்பநாதன், “கலியாணத்தண்டே தொடங்கிட்டுது,” என்று மகனைப் பார்த்துத் தலையாட்டினார். தோழிப்பெண் ஒருத்தி காருக்கு ஓடினாள். காரில் மற்றச் சோடி இல்லை என்பது அவளுக்கும் தெரியும். மெதுவாகவே ஓடினாள்.

ஜெயனி உள்ளே திரும்பியபோது ஹர்ஷின் திரையில் நூற்றுவீதம் ஏறிக்கொண்டிருந்தது. எழுபது. எண்பது. யோகேந்திரன் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு ஒன்றையும் எடுக்காமல் நின்றார். முன்வரிசையில் அக்னெஸ் உட்கார்ந்து வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுது. பாக்கலாம்,” என்றார் ஹர்ஷ்.

மாதா வந்தார். அருமைநாதன் தன் திரியோடு வந்து போனார். பொம்பிளையின் தாய், மாப்பிள்ளையின் தாய் தகப்பன். சட்டை நுனியைக் கடித்துக்கொண்டு நிற்கும் குட்டி மெலனி. அடுத்தது அன்டன்.

“என்னடா இது?” என்றார் யோகேந்திரன்.

அன்டனின் முகம் இரண்டு பக்கமும் இழுத்துவிட்டது போல் அகன்று, கன்னங்கள் வீங்கி, யாரோ ஒருவனாக இருந்தது. வேறு வேளையாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அந்த முகத்தைத் தாய் எத்தனை மாதமாக நினைவில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறாள்? அவளுக்கு அவனை இப்படியா காட்டுவது?

ஹர்ஷ் தலையைச் சொறிந்தார். “ஏன்னு புரியலையே.”

ஜெயனிக்குப் புரிந்தது. இதே சண்டையை அவள் தன் கணினியோடு முன்பு பிடித்திருக்கிறாள். “நான் அனுப்பின படத்திலை புள்ளியள் சதுரமில்லை. கொஞ்சம் ஒடுக்கம். வீடியோவா ஓடேக்கை அது தானாச் சரியா வரும். ஒரு படமாத் தனிய எடுத்தா அகலும். அகலத்தைக் குறைச்சுப்போட்டுத் திரும்ப வையுங்கோ.”

“அப்ப மறுபடி முழுசா என்கோட் பண்ணணும்க்கா.”

கதவுப் பக்கம் பேரின்பநாதனின் குரல் உயர்ந்து கேட்டது. முகாமையாளர் உள்ளேயே வந்துவிட்டார். செருப்பை எவ்வளவு நேரந்தான் மாற்றுவது?

ஹர்ஷ் திருத்திவிட்டுத் தொடங்கினார். எண்கள் ஊர்ந்தன. “போட்டோ எல்லாம் சட்டுனு முடிஞ்சுடும். அசையாம நிக்குதில்ல? கடைசித் துண்டுதான் மெஷினைத் தின்னுது. அந்த உலக உருண்டை. சுத்துது, பொறி பறக்குது, ஒவ்வொரு பிரேமும் வேற வேற. மத்த எல்லாத்துக்கும் ஆகற நேரம் அது ஒண்ணுக்கே ஆகுது.”

ஜெயனி யோகேந்திரனைப் பார்த்தாள். அதை வெட்டட்டுமா என்று அவள் எப்படிக் கேட்பது? அந்த உருண்டைதான் யோகேந்திரனுடைய கடைப்பலகை. இந்த மண்டபத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் அடுத்த கலியாணமோ, பிள்ளை பெரியவளாகும் சாமத்தியச் சடங்கோ வரப்போகிறது? அதைப் பார்த்துத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். போன கோடையில் அவருக்குப் போட்டியாக இன்னொருவர் தொடங்கியிருந்ததும் எல்லோருக்கும் தெரியும்.

யோகேந்திரன் கமராவைத் தோளில் இருந்து இறக்கி மேசையில் வைத்தார். முன்வரிசையில் இருந்த ஊதாச் சேலையைப் பார்த்தார்.

“வெட்டு,” என்றார்.

“சார்?”

“உருண்டையை வெட்டு எண்டுறன். பேரோடை நிக்கட்டும் படம்.”

“அண்ணை…” என்றாள் ஜெயனி.

“கதையாதை பிள்ளை. பொடியன் தட்டட்டும்.”

ஹர்ஷ் தட்டினார். எண்கள் புதிதாகத் தொடங்கி, இம்முறை கால் முளைத்தது போல் ஏறின. ஜெயனி மேசைக்கு அடியில் விரல்களைக் கோத்துக்கொண்டு அருள்நிறை மரியாயே சொன்னாள். பாதியில் சொற்கள் தவறின, திரும்பத் தொடங்கினாள். ரொக்ஸ்பரோ ஸ்டேஷனை விட்டுப் போகும் ரயிலின் ஊதல் கேட்டது. முகாமையாளர் மேசைக்குக் கிட்ட வந்து ‘மதாம்’ என்று தொடங்கவும் எண் நூறில் நிற்கவும் சரியாக இருந்தது.

இன்னொருமுறை ஓட்டிப் பார்க்க நேரமில்லை. யோகேந்திரன் கமராவைத் தூக்கினார். ஹர்ஷ் பெரிய திரையின் வயரைத் தன் கணினியில் செருகிவிட்டு ஜெயனியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். விளக்குகள் அணைந்தன.

புல்லாங்குழல் எழுந்தது. பெரிய திரையில் மடு மாதா ஒளியோடு வந்தார். மண்டபம் அமைதியானது. அருமைநாதன் வந்தார், அவருக்குத் திரி எரிந்தது, புறா பறந்தது. அக்னெஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். தாய் தகப்பன்மார் வந்தார்கள். தன் இளவயது மீசையைக் கண்டதும் பேரின்பநாதன் கதவடியில் நின்றே செருமினார். குட்டி அனுஜன் தண்ணீர் வாளிக்குள் உட்கார்ந்திருந்தான். குட்டி மெலனி சட்டை நுனியைக் கடித்தாள்.

அன்டன் வந்தான். பச்சைச் சேர்ட். கோணல் சிரிப்பு. அகலமும் சரி, உயரமும் சரி. அவன் நின்றான், நிறம் வடியவில்லை. நின்றுகொண்டே இருந்தான்.

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அவன் திரியோடு வருவான் என்று எத்தனை பேர் எதிர்பார்த்திருந்தார்கள் என்பது அப்போதுதான் ஜெயனிக்கு விளங்கியது. முன்வரிசையில் அக்னெஸ் கையை மெல்லத் தூக்கினார், ரயிலில் போகிறவர்களுக்குக் காட்டுவது போல. மடியில் திரும்ப வைத்தார்.

தங்க எழுத்தில் பெயர்கள் பறந்து வந்து ஒட்டிக்கொண்டன. கதவு திறந்தது. மெலனி வந்தாள், அதே பழைய செருப்போடு. நடுவழியில் நின்று திரையை நிமிர்ந்து பார்த்தாள். அது அணைந்திருந்தது. பின்வரிசைப் பொடியள் உருண்டைக்காகக் காத்திருந்து ஏமாந்து, “எங்கை யோகா அண்ணை?” என்று கத்தினார்கள். எல்லோரும் கைதட்டியதில் அது அடங்கிப்போனது. யோகேந்திரன் கமராவுக்குப் பின்னால் கண்ணை வைத்துக்கொண்டு வேலையில் இருந்தார்.

அன்று அந்தப் படம் ஓடாமல் கறுத்துக் கிடந்ததைப் பின்னாளில் ஜெயனி கிருபை என்றே சொல்லுவாள். ஓடியிருந்தால் முதலில் வரும் மாதாவின் படத்தோடு நிறுத்தியிருப்பார்கள்; மிச்சத்தை முன்கூட்டிப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

சாப்பாடு முடிந்து ஆட்டம் தொடங்கியபோது அக்னெஸ் கேக் தட்டோடு மேசைக்கு வந்தார். மூன்று பேருக்கும் தன் கையாலேயே கொடுத்தார். ஹர்ஷிடம், “முட்டை போட்டது, நீங்கள் சாப்பிடுவியளோ தெரியேல்லை தம்பி,” என்றார். “கேக்னா சாப்பிடுவேங்க, முட்டை கண்ணுக்குத் தெரியாத வரைக்கும்,” என்றார் ஹர்ஷ். அக்னெஸ் சிரித்தார்.

பிறகு யோகேந்திரனிடம் திரும்பினார். “தம்பி, உன்ரை உருண்டை எங்கை?”

“அது… நேரமில்லாமல் போச்சு அக்கா.”

“உன்ரை பேர் இல்லாமல் நீ ஒரு படம் போட்டதில்லையே. என்ன நடந்தது?”

யோகேந்திரன் ஜெயனியைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தினாள். நல்ல நாளில் இந்தக் கதை எதற்கு என்று மனம் சொன்னது. ஆனால் மறைத்தால், இனி அந்த வீட்டு வாசலை மிதிக்கும்போதெல்லாம் காலில் முள் இருக்கும்.

“நான் பிழை விட்டிட்டன் அக்கா,” என்றார் யோகேந்திரன். எதையும் குறைக்காமல் சொன்னார். விளக்கைக் கண்டதை, கேட்காமல் எடுத்ததை, திரியை, புறாவை. “திரி வைச்சது நான்,” என்று ஜெயனி இடையில் சொன்னாள். “நானும் கேக்கேல்லை, அன்ரி.”

அக்னெஸ் பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்தார். செபமாலை அவர் விரல்களுக்குள் ஓடியது. ஆட்டக்காரரின் சத்தம் சுவரில் மோதிக்கொண்டிருந்தது.

“விளக்குக் கொளுத்தினது மாதாவுக்கு,” என்றார் கடைசியில். “அவனை அவவின்ரை காலடியிலை விட்டனான், பாத்துக்கொள் எண்டு.”

“இப்ப விளங்குது அக்கா.”

“வீட்டுக்கு வாற சனமெல்லாம் அந்தப் படத்தைக் கண்டிட்டு நெஞ்சிலை சிலுவை போடும். நான் காணாத மாதிரி இருப்பன். ஒருத்தரும் என்னட்டைக் கேட்டதுமில்லை, சொன்னதுமில்லை.” அவர் கண்ணைத் துடைக்கவில்லை, வழிய விட்டார். “எல்லாரும் மனசுக்குள்ளை கொளுத்தின திரிதான் பிள்ளை. நீங்களாவது ஊதி அணைச்சியள்.”

ஹர்ஷ் கேக் துண்டைக் கையில் வைத்தபடி கணினியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்னெஸ் எழுந்து சேலையைச் சரிசெய்தார். குரல் பழையபடி வீட்டுக்காரியின் குரலானது. “டிவிடியிலை உன்ரை உருண்டையைக் கட்டாயம் போடு, தம்பி. பேந்து அன்டன் வந்து, ஆர் எடுத்த படமெண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது?”

“போடுறன் அக்கா.”

“இன்னுமொண்டு. நாளைக்குப் பூசை முடிய வீட்டை வா. அவன்ரை படத்தை அங்கையிருந்து எடுத்து ரெலிபோனுக்கு மேலை மாட்ட வேணும். மாதா எங்கையிருந்தாலும் பாத்துக்கொள்ளுவாதானே. அந்தச் சுவரிலை ஆணி அடிக்க எனக்கு எட்டாது.”

“வாறன்,” என்றார் யோகேந்திரன். கமராவைத் தோளில் தூக்கியவர், நின்று திரும்பினார். “சுத்தியல் தேடாதேங்கோ அக்கா. என்னட்டை இருக்கு.”